கரகரப்பு என்பது அழுக்கின் பெயர்

தமிழ்ச் சிறுகதைக்குள் ஒரு கிராமபோன் நுழைந்தால் அதன் பின்னாலேயே கரகரப்பும் நுழைந்துவிடுகிறது. ஓட்டு வீடு, சாய்வு நாற்காலி, வெற்றிலைச் செல்லம், வெளியே மழை, உள்ளே 'கரகரத்த' ஒரு பழைய பாட்டு. கவிதைகளிலும் இதே கதைதான். கட்டுரையாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், காலத்தின் குரல் அந்தக் கரகரப்பில்தான் ஒளிந்திருக்கிறது, குறுந்தகட்டின் சுத்தத்தில் ஆன்மா இல்லை என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு இது ஓர் அழகியல் கொள்கையாகவே உறைந்துவிட்டது. அந்தக் கொள்கையை மறுக்கவே இதை எழுதுகிறோம்.

எங்கள் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கரகரப்பு காலத்தின் குரல் அன்று. அதில் பெரும்பகுதி தூசி. மிச்சம், தேய்ந்த ஊசி உழுத காயம். அதைப் பாடகர் பாடவில்லை, பதிவு செய்தவர் பதியவில்லை. பிற்பாடு நம் வீடுகளில், நம் கைகளால் எழுதப்பட்டது அது. அதைப் போற்றுவது, கரையான் அரித்த ஏட்டைப் பார்த்து "ஆகா, என்ன பழமை!" என்று சிலிர்ப்பதற்கு ஒப்பாகும். உ.வே. சாமிநாதையர் அப்படிச் சிலிர்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியிருக்காது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவிய மதுரைச் சீமையில் இதை விளக்க வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. ஏட்டில் சிதைவு வேறு, பாடம் வேறு என்று அறிந்த ஒரு சமூகம், இசைத்தட்டில் மட்டும் சிதைவையே பாடமாகக் கொள்வது எப்படி?

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. "78 சுழற்சித் தட்டுகள் புதிதாக இருந்தபோதும் இரைச்சலோடுதானே ஒலித்தன?" ஆம், ஒலித்தன. அந்தத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அரக்கோடு கல் தூளும் சேர்த்தே அழுத்தினார்கள். இரும்பு ஊசி தடத்தின் வடிவுக்குத் தன்னைத் தேய்த்துப் பொருத்திக்கொள்ளும் பொருட்டே அந்தத் தூளுக்கு அரைக்கும் தன்மை வைத்தார்கள். ஆகவே ஒரு சீரான 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் பிறப்பிலேயே உண்டு. ஐந்து நிமிடம் கேட்டால் காது அதை ஒதுக்கிவிடும், ஓடும் ரயிலில் பேச்சுக் கேட்பதைப் போல. படபடவென்று வெடிப்பதும், கரகரவென்று பிறாண்டுவதும், ஒவ்வொரு சுற்றிலும் 'டொக்' என்று இடிப்பதும் அந்த இரைச்சல் ஆகா. முன்னதை உற்பத்தி செய்தது தொழிற்சாலை. பின்னதை உற்பத்தி செய்தது நாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதில்தான் எழுத்தாளர்களின் பிழை தொடங்குகிறது.

*

எங்கள் ஊர் வாடிப்பட்டி. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் தேசிய நெடுஞ்சாலையில், சிறுமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பெரியாறு பாசனத்தில் நெல்லும் தென்னையும் விளையும் ஊர். தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த சொல்லாக 'மேளம்' என்று வரும். தோற்கருவி செய்பவர்களும் வாசிப்பவர்களும் இங்கே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இந்த ஊருக்கும் இசைத்தட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை மைக் செட். அறுபது, எழுபதுகளில் வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் வட்டாரத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், முளைப்பாரி எதுவானாலும் புளியமரத்தில் குழாய் கட்டி ரிக்கார்டு போடாமல் நடந்ததில்லை. கேசட் வந்த பிறகு அந்தத் தட்டுகள் பரணுக்குப் போயின. இன்று மைக் செட் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். அல்லது மதுரையிலும் சென்னையிலும் 'பாரம்பரிய' உணவகம் நடத்துபவர்கள் வந்து சுவரில் மாட்ட வாங்கிப்போகிறார்கள். அரக்குத் தட்டில் நடுவில் ஆணி அடித்து மாட்டியிருப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் விடை குரல்கள். ஸ்பெஷல் நாடகத்தின் தலைநகரம் மதுரை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தியது இங்கேதான். அந்த மேடை மரபில் எழுந்த பெருங்குரல்களில் பலவும் நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டில் மட்டுமே. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், இருபத்தேழு வயதில் இறந்துபோனார். அவர் திரைப்படத்தில் நடிக்கவில்லை. அவருடைய உச்சஸ்தாயிக்கு இன்றிருக்கும் சாட்சி அரக்குத் தடம் ஒன்றே. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி தம் முதல் இசைத்தட்டைப் பாடியது 1926இல், பத்து வயதில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசித்த தோடியைத் தட்டின் சில நிமிடங்களுக்குள் அடக்கிக் காட்டினார். இவை வெறும் நினைவுப் பொருட்கள் அல்ல, மூலப்பிரதிகள். அச்சுப் புத்தகம் கிழிந்தால் இன்னொரு நூலகத்தில் இன்னொரு பிரதி இருக்கும் என்று நம்பலாம். உடையும் அரக்குத் தட்டுக்கு அந்த நம்பிக்கையும் குறைவு. உடைந்தவை போக எஞ்சியவற்றில், ஒவ்வொரு தவறான ஓட்டத்திலும் ஒரு சுரம் சுரண்டப்படுகிறது. சுரண்டப்பட்டது திரும்பி வராது.

"எல்லாம்தான் இணையத்தில் ஏற்றிவிட்டார்களே" என்பது அடுத்த மறுப்பு. ஏற்றியிருக்கிறார்கள், ஏற்றியவர்களின் ஆர்வத்துக்கு வணக்கம். ஆனால் எப்படி ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வேகம் தவறினால் சுருதி தவறும். தட்டு ஏறத்தாழ ஆறு சதவீதம் வேகமாகச் சுழன்றால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஆண் குரல் சிறுவன் குரலாகும். மத்திம காலம் துரிதமாகும். அதைக் கேட்டுவிட்டு "அந்தக் காலத்தில் என்ன சுருதி!" என்று வியந்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு சாரார் இரைச்சலைக் கணினியில் துடைக்கிறேன் என்று குரலின் மேல்பகுதியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. முறையாகச் செய்தவர்களும் உண்டு. மும்பையிலுள்ள இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்களின் முயற்சியால், பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் 'யங் இந்தியா' முத்திரைத் தட்டுகள் எண்மப்படுத்தப்பட்டன. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் தனியொருவராகப் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்துக் காத்தார். ஆனால் இவர்கள் வாடிப்பட்டிப் பரண்வரை வந்து ஏற முடியாது. பரணில் இருப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

*

இனி எதிர்முகாம். ஏக்கத்தில் தோய்ந்த எழுத்தாளரை மட்டும் குற்றஞ்சாட்டி நிறுத்திக்கொண்டால் அது ஒருதலை நியாயம். இன்று நகரங்களில் டர்ன்டேபிள் மீண்டும் வந்திருக்கிறது. இளையராஜாவின் எண்பதுகளின் எக்கோ எல்.பி.க்களுக்கு முன்பு கற்பனை செய்யாத விலை கொடுக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் இவர்களில் ஒரு சாரார், மேசையில் வைத்தால் அழகாக இருக்கும் சூட்கேஸ் வடிவப் பெட்டிகளை வாங்கி, அந்த எல்.பி.யை அதில் ஓட்டுகிறார்கள். மலிவான அப்பெட்டிகள் பலவற்றில் ஊசி ஐந்து கிராமுக்குக் குறையாமல் தடத்தை அழுத்துகிறது. நல்ல கார்ட்ரிட்ஜுக்குத் தேவைப்படுவதோ ஒன்றரை முதல் இரண்டரை கிராம். ஆயிரங்கள் கொடுத்து வாங்கிய தட்டை அவர்கள் கேட்கவில்லை, அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு சாரார் வசதி படைத்தவர்கள். இவர்களுக்கு வெள்ளிக் கம்பி கேபிள் வேண்டும், தட்டின் மேல் வைக்கப் பித்தளை எடைக்கல் வேண்டும், வினைல் தட்டின் 'காந்தத்தை' நீக்கும் கருவி வேண்டும். வினைல் ஒரு பிளாஸ்டிக். அதில் நீக்குவதற்கு ஏது காந்தம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். இவர்கள் கேட்பதில்லை. கேபிளைப் பொறுத்தவரை, அது முறிவின்றி, தேவைக்கு மேல் நீளமின்றி, நல்ல உறையோடு இருந்தால் போதும். காந்த வகைக் கார்ட்ரிட்ஜில் நீண்ட கேபிளின் மின்தேக்கம் மேல்ஸ்தாயியின் நிறத்தை மாற்றக்கூடும் என்பது உண்மை. அதற்கு மருந்து கேபிளின் நீளத்தைக் குறைப்பதே தவிர வெள்ளி அன்று. இவ்வளவையும் வாங்கியவர் வீட்டில் ஊசி மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் பதில் வராது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை என்பார்கள். இங்கே யானைக்குப் பட்டுப் போர்வை, முகபடாம், வெள்ளி மணி எல்லாம் வாங்கியாயிற்று. அங்குசம் மட்டும் வாங்கவில்லை.

ஏக்கக்காரரும் ஆடம்பரக்காரரும் எதிரெதிர் முகாம்களாகத் தோன்றினாலும் இருவருக்கும் ஒரு பொதுப்பண்பு உண்டு. இருவருமே தடத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் தட்டைக் குறியீடாகப் பார்க்கிறார். மற்றவர் அதைத் தம் அந்தஸ்தாகப் பார்க்கிறார். எங்கள் வாதம் மிக எளியது: ஊசி தடத்தைத் தொடும் அந்த ஒரு புள்ளியில்தான் எல்லாம் நிகழ்கிறது. அந்தப் புள்ளிக்கு அருகில் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் காதுக்குக் கேட்கும். அந்தப் புள்ளியிலிருந்து விலக விலகப் பணம் காதுக்கு எட்டாமல் கண்ணுக்கு மட்டும் எட்டும். இதை அளவுகோலாக வைத்தே சிறு துணைக்கருவிகளை வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது ஊசி. 78 தட்டின் தடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அகலம். 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி.யின் நுண்தடமோ இருபதில் ஒரு பங்கு. இரண்டுக்கும் ஒரே ஊசி ஆகாது. எல்.பி. ஊசியை 78இல் இறக்கினால் அது தடத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் உருளும். அடியில் இருப்பது எண்பது வருடத்துத் தூசியும் பழைய ஊசிகளின் இரும்புத் துகளும். நீங்கள் கேட்கும் 'காலத்தின் குரல்' அதுதான். 78க்கென்று தனி ஊசி பல கார்ட்ரிட்ஜ்களுக்கு மாற்று ஊசியாகவே கிடைக்கிறது. அதைச் செருகிய அந்தக் கணத்தில் இரைச்சல் பின்வாங்கிக் குரல் முன்னால் வரும். அந்த வித்தியாசத்தை வேறெந்தத் துணைக்கருவியும் தராது. மறுதலையாக, 78 ஊசியை எல்.பி.யில் இறக்கினால் எல்.பி. போயிற்று. வைர ஊசிக்கும் ஆயுள் உண்டு. ஐந்நூறு முதல் ஆயிரம் மணி நேரம் என்பார்கள். நீலக்கல் ஊசிக்கு அதில் சிறு பங்குதான்.

சாவி கொடுக்கும் பழைய கிராமபோனை இன்னும் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல். அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேல் எடையோடு தடத்தில் அமர்கிறது. இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடி முடிப்பதற்குள் தேய்ந்து, அதன் முனை உளிபோல் விளிம்பு கொண்டுவிடுகிறது. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று விதித்தார்கள். அதனால்தான் சின்னத் தகர டப்பியில் இருநூறு ஊசிகள் வைத்து விற்றார்கள். நம் வீடுகளில் ஒரே ஊசியைத் தீபாவளிக்குத் தீபாவளி மாற்றினோம். சிக்கனத்தின் பெயரால் நாம் செதுக்கி எறிந்த குரல்கள் எத்தனை!

இரண்டாவது கழுவுதல். இங்கே ஒரு எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படக்கூடாது. மர பாலிஷ் போடுபவரைக் கேளுங்கள், அவர் அரக்கை எதில் கரைக்கிறார் என்று. ஸ்பிரிட்டில்தான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் 78 தட்டைத் துடைப்பவர் பாட்டைக் கரைத்துப் பஞ்சில் எடுக்கிறார். பழைய பொருள் கடைகளில் பளபளப்புக்காக எண்ணெய் பூசி வைக்கிறார்களே, அதுவும் தூசியை அழைத்து உட்காரவைக்கும் வேலை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வாலை வடித்த நீர், அதாவது பேட்டரிக்கு ஊற்ற விற்கும் நீர் (அமிலம் அன்று), அதில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், ஒரு மிருதுவான தூரிகை. நடுத்தாளில் ஈரம் படாமல், தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, மறுபடி வெறும் நீரால் அலசி, உடனே ஒற்றி நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். ஊறவைக்கக் கூடாது. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கூடாது. உலர்ந்த பின் அதன் உப்புத் தடத்தில் தங்கிப் புதிய கரகரப்பாகும். பிறகு பழைய உறையில் மீண்டும் இடாதீர்கள். அந்த உறைதான் தூசியின் தாய்வீடு. புதிய தாள் உறையிட்டு, செங்குத்தாக நிறுத்தி, தகரக் கூரைக்குக் கீழே அல்லாமல் வையுங்கள். சித்திரை வெயிலில் எல்.பி. அப்பளம்போல் வளையும்.

மூன்றாவது எடை. ஊசி எத்தனை கிராம் அழுத்துகிறது என்று அளக்காமல் ஓட்டுவது, மருந்தைக் கைமதிப்பில் ஊற்றுவது. தெற்காவணி மூல வீதியில் நகை நிறுக்கிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த கையடக்கத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எடைத்தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்து அளவு பிழைபடும். அதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். அதிக எடை தட்டைத் தேய்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்த எடையும் தேய்க்கும் என்பது பலருக்குத் தெரியாது. பாரம் போதாத ஊசி தடத்தில் தரிக்காமல் துள்ளும். துள்ளி விழும் ஒவ்வொரு முறையும் சுவரைக் கொத்தும். கார்ட்ரிட்ஜ் அமைந்த கோணமும் அவ்வாறே. அதைச் சரிபார்க்கும் கோணமானி வெறும் ஒரு தாள். அளவு பிசகாமல் அச்சிட்டால் போதும், செலவு ஒரு ஜெராக்ஸ் காசு. கோணம் தவறிய ஊசியில் பாட்டின் கடைசிப் பகுதி, தட்டின் உட்சுற்று, சிதறும். 'ஸ', 'ஷ' எல்லாம் எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல் பொரியும். அதையும் பழமையின் அழகில் சேர்த்துவிடுகிறார்கள்.

நான்காவது மட்டமும் வேகமும். கொத்தனாரின் ரசமட்டத்தை டர்ன்டேபிளின் மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மேசையே சரிந்திருக்கும். வேகத்துக்கு, கோடுகள் அச்சிட்ட ஒரு வட்டத்தாள் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுங்கும். அந்த வெளிச்சத்தில் 77 கோடுகள் கொண்ட வட்டம் அசையாமல் நின்றால் தட்டு நிமிடத்துக்கு 77.92 சுற்றுச் சுற்றுகிறது. எல்.பி.க்கு 180 கோடுகள். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இந்தச் சோதனை பலிக்காது. வேகம் குறைந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர் தளர்வதற்கு வருடக் கணக்கு வேண்டியதில்லை. மைக் செட்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஜெனரேட்டர் திணறினால் "பாட்டு இழுக்குதுடா" என்று ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். திணறுவது மின் அழுத்தமா அலைவெண்ணா என்ற வகுப்புப் பாடம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காது இருந்தது.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 78 தட்டு ஒற்றைத் தடப் பதிவு. பக்கவாட்டு அசைவில் மட்டுமே பாட்டு இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் சேர்த்து எடுக்கும். அதில் இருப்பது முழுக்க இரைச்சல். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்தினால், ஒரு காசு செலவின்றி அதில் பெரும்பகுதி அடங்கும். 'ஹம்' என்ற உறுமல் கேட்டால், டர்ன்டேபிளின் எர்த் கம்பி ஆம்ப்ளிஃபையரில் திருகப்பட்டிருக்கிறதா, சுவர்ப் பிளக்கின் மூன்றாம் முள்ளுக்கு உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். டர்ன்டேபிளை ஒலிபெருக்கியின் மேலோ, நடந்தால் அதிரும் மச்சிலோ வைக்காதீர்கள். சுவரில் பதித்த கடப்பைக் கல் தட்டு ஒன்று, பளிங்கு மேடைகளுக்கு நிகராக உழைக்கும். ரப்பர் விரிப்போ கார்க் விரிப்போ இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் முதலிரண்டைச் செய்தவருக்குப் பெரிய நட்டமில்லை.

*

இவ்வளவு நுணுக்கம் இலக்கிய வாசகர்களுக்கு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். இது ஒரு பழைய நோய். கருத்து உயர்ந்தது, கருவி தாழ்ந்தது. பாடுபவர் கலைஞர், கம்பி முறுக்குபவர் கூலி என்ற பாகுபாட்டின் இன்னொரு வடிவம். எங்கள் ஊர் மேளக்காரர் தீ மூட்டித் தோலைக் காய்ச்சாமல் பறையை எடுப்பதில்லை. காய்ச்சல் சற்றுக் குறைந்தாலும் ஒலி தளர்கிறது, மிகுந்தாலும் தோல் போகிறது என்று அவர் விரலுக்குத் தெரியும். வைக்கோல் கொளுத்தும் அந்தச் சில நிமிடங்கள் கலைக்கு வெளியே நிகழ்பவை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். தோல், வார், குச்சி, தீ எல்லாம் சேர்ந்ததே அவருக்கு மேளம். தளர்ந்த தோலில் அடித்துவிட்டு, "இந்தத் தொளதொளப்பில்தான் எங்கள் பாட்டன் இருக்கிறான்" என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். சொன்னால் அடுத்த திருவிழாவுக்கு அவரை யாரும் அழைக்கமாட்டார்கள். அழுக்கில் ஆன்மாவைக் கண்டெடுப்பது, கருவியைத் தொட்டு வேலை செய்யாதவர்களுக்கு மட்டுமே வாய்த்த சொகுசு.

ஏக்கத்தின் மீது எங்களுக்குப் பகையில்லை. நினைவு மனிதர்க்கு இயல்பு. ஆனால் நினைவு வேறு, ஆவணம் வேறு. ஒருவர் தம் இளமையில் கேட்ட கரகரப்பை நேசிக்கட்டும். அது அவருடைய இளமையைப் பற்றிய செய்தி. அதைக் கிட்டப்பாவின் மீது ஏற்றிச் சொல்வது அத்துமீறல். கிட்டப்பாவின் காலத்தில் கொட்டகையில் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து கேட்டவருக்கு அந்தக் குரல் கரகரக்கவில்லை. இருட்டைக் கிழித்துக்கொண்டு தெளிவாக வந்து விழுந்தது. அந்தத் தெளிவில் சிறு பங்கேனும் தடத்தின் சுவரில் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க ஒரு சரியான ஊசி, கொஞ்சம் சுத்தமான நீர், ஒரு தராசு, ஒரு தாள், ஓர் அந்திப்பொழுது போதும். கரகரப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதச் செலவாகும் நேரம்கூட ஆகாது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. வீட்டுப் பரணில் தட்டுகள் இருப்பவர்கள் அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை நடுத்தாளைப் படியுங்கள். பெயர், எண், முத்திரை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியலே பாதி ஆவணம். சரியான ஊசி இல்லாவிட்டால் ஓட்டாதீர்கள். ஓட்டாத தட்டு ஊமையாக இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். ஓட்டத் தெரிந்தவரிடம் ஒருமுறை, ஒரேயொரு முறை, ஒழுங்காக ஓட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவில் எதையும் துடைக்காமல் ஒரு பிரதி வைத்திருங்கள். துடைப்பவர்கள் பின்னால் வரட்டும். சுவரில் மாட்டக் கேட்டு வருபவர்களிடம் வெறும் உறையைக் கொடுத்தனுப்புங்கள்.

எழுத்தாள நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இனி உங்கள் கதையில் ஒரு பழைய பாட்டு 'கரகரத்து' ஒலித்தால், அதில் காலத்தின் துயரத்தை நாங்கள் காணப்போவதில்லை. அந்தக் கதாபாத்திரம் கடைசியாக எப்போது ஊசி மாற்றியது என்றுதான் கேட்போம்.